மூலையைத்தான் வெட்டச் சொன்னேன்

எங்கள் மாமாவுக்கு இலவசம் என்றாலே இளக்காரம். ரேஷன் அரிசிச் சோறு என்று தெரிந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். அரசாங்கம் கொடுத்த மிக்ஸியில் அரைத்த சட்னியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார். அவர் அம்மாவின் தம்பி. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தார். கல்யாணமோ காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, மாமாவின் மிஷினில் அடித்துத் தெருமுனையில் தொங்கவிட்டால்தான் அது நடந்ததாக ஊரில் அர்த்தம். இத்தனை வருஷத்தில் அவர்மேல் இருந்த கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆறவில்லை.

அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா இடுக்கிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தங்கி வேலை பார்த்தார். அம்மா விடியும் முன்பே ஜீப்பில் மலையேறி, ஏலக்காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் இறங்குவாள். கம்ப்யூட்டர் வகுப்புக்கோ மென்பொருள் வாங்கவோ வழியில்லாத வீடு. அக்கா கல்லூரியில் சேர்ந்ததும், படம் வரைய இது போதும், யாருக்கும் பைசா தர வேண்டாம் என்று அங்கே ஒருவர் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அக்கா கொஞ்ச நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஏழாம் வகுப்பில் இருந்த நான் பிடித்துக்கொண்டேன்.

நெட் போடக் காசில்லை. அதனால் எல்லாரையும்போல மயிலையும் தாமரையையும் இறக்கி ஒட்ட முடியாது. எது வேண்டுமானாலும் நானேதான் வரைய வேண்டும். அம்மாவிடம் ஏலப்பூ கேட்டேன். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், பூ மட்டும் தூரில் மண்ணோடு ஒட்டிப் பூக்கும். குனிந்து வேலை செய்கிறவர்கள் கண்ணுக்குத்தான் படும். அம்மா டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தாள். வெள்ளை இதழ், நடுவில் ஊதாக் கோடுகள். ஓர் ஓரம் மூடியில் நசுங்கி மடிந்திருந்தது. மடிந்ததை மடிந்தபடியே வரைந்தேன். மவுஸ் கிடையாது. டச்பேடில் விரலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு கோட்டை வளைப்பதற்குள் சாயங்காலம் முடிந்துவிடும்.

ஒருநாள் மாமா வந்து பார்த்தார். ஓசியில் கிடைத்ததில் வரைந்தால் ஓசிப் பூதான் வரும் என்று சிரித்தார். அவர் கடையில் இருந்ததும் காசு கொடுத்து வாங்கியது இல்லை. விலை உயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதி அது. ஆனால் இலவசம் கேவலம், திருட்டு கௌரவம் என்பது மாமாவின் கொள்கை.

அந்தக் கௌரவம் ஒரு முகூர்த்த வாரத்தில் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுபோனது. திறந்தால் ஏதோ எண் கேட்கிறது, மேலே போக மாட்டேன் என்கிறது. சரிசெய்ய மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும். கடை நிறைய ஆர்டர். மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

“ஆத்தா, அந்த லேப்டாப்ப எடுத்துட்டு வெரசா கெளம்பு. மாமனுக்கு ஒரு சோலி.”

நான் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். ஒவ்வொரு பேனரின் கீழ் மூலையிலும் சின்ன எழுத்தில் கடைப் பெயர் இருக்கும். அதற்குப் பக்கத்தில் என் பெயரும் வர வேண்டும். எறும்பு அளவு இருந்தால்கூடப் போதும். மாமா என் தலையில் கைவைத்துச் சரி என்றார்.

அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போனேன். மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி ஏலப்பூவைக் கொடியாக ஓடவிட்டேன். முதல் பேனர் மிஷினிலிருந்து வெளியே வந்தபோது ஓடிப்போய் மூலையைத்தான் பார்த்தேன். கடைப் பெயர் மட்டும் இருந்தது, பக்கத்தில் நான் போட்டிருந்த என் பெயரைக் காணோம். மாமா பார்த்ததோ பூவை. திரையில் ஊதாவாக இருந்த கோடுகள் துணியில் மங்கி நீலமாகிவிட்டன. வேலைக்காரர்கள் எதிரில் என்னைப் பிடித்துக் கத்தினார். நான் அழுதுகொண்டே பெயரைப் பற்றிக் கேட்டேன்.

“ஓசி சாப்ட்வேர்ல செஞ்ச சோலிக்குப் பேரு வேற கேக்குதா?”

கலர் மங்கிய அந்தப் பூ ஊருக்குப் பிடித்துவிட்டது. மதுரை ஆள் வந்து கடைக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ததும் என் தேவை முடிந்தது. பூ மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. போடியில் ஆரம்பித்துச் சிலமலை வரைக்கும், எந்தத் தெருவில் நுழைந்தாலும் டிபன் பாக்ஸில் நசுங்கிய என் பூ காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மூலையில் மாமாவின் கடைப் பெயர். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். மாமாவிடம் போய்க் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னேன். தாய்மாமன், நாளைக்கு நாலு பேருக்கு முன்னால் உனக்குச் சீர் செய்ய வேண்டியவன், பகைத்துக்கொள்ள முடியுமா என்று அம்மா என்னைத்தான் அடக்கினாள்.

அந்த நாலு பேர் அடுத்த வருஷமே வந்துவிட்டார்கள். நான் வயசுக்கு வந்தேன். வீட்டு மூலையில் தென்னங்கீற்றில் குச்சு கட்டி அதற்குள் உட்கார வைத்தார்கள். லேப்டாப்பைத் தொடக்கூடாது என்று எடுத்துப் பரண்மேல் வைத்தாள் அம்மா. வயசுக்கு வந்ததற்கும் லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாமா சிரித்த முகத்தோடு வந்தார். தெருமுனையில் பேனர் கட்டிவிட்டாராம். போனில் எடுத்த படத்தைக் குச்சுக்கு வெளியே நின்று காட்டினார். பூப்புனித நீராட்டு விழா என்று மேலே. நடுவில் என் முகம், பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவள்போல வெளுக்க வைத்திருந்தார். முகத்துக்குக் கீழே ஒரு முழ உயரத்தில் என் பெயர்.

“பேரப் போடலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியே. பாரு, எம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கேன்.”

நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. சொல்லப்போனால் அந்த வெளுப்பு எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. நான் பார்த்தது சுற்றிலும் ஓடிய ஏலப்பூவை, அதன் மடிந்த இதழை, கீழ் மூலையில் இருந்த கடைப் பெயரை. என் விசேஷத்திலும் என் பூவுக்கு அவர் சொந்தக்காரரா?

அக்காவுக்கும் மாமா இப்படி ஒரு பேனர் வைத்திருக்கிறார். அப்போது நான் சின்னப் பிள்ளை. ரொம்ப நாளைக்கு அவள் தெருமுனைப் பக்கமே போகாமல் பின்சந்து வழியாகப் பள்ளிக்கூடம் போய்வந்தது ஞாபகம் இருக்கிறது. அது குறுக்கு வழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு போய் அந்த மூலையை மட்டும் வெட்டிக்கொண்டு வந்துவிடு என்று கெஞ்சினேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். மத்தியானம் வெயிலுக்குப் பயந்து தெரு காலியாகக் கிடந்தபோது, அடுப்படியிலிருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கைக்கெட்டும் மூலைக்கு எதற்கு ஸ்டூல் என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து, சுருட்டிய ஒரு துண்டைக் குச்சுக்குள் போட்டாள். விரித்தேன். என் முகம்.

“நான் மூலையத்தானக்கா வெட்டச் சொன்னேன்?”

“தெரியும்” என்றாள்.

விசேஷத்தன்றும் பேனர் அப்படியேதான் தொங்கியது. வேறு அடிக்க மாமா மறுத்துவிட்டார். முகம் இருந்த ஓட்டை வழியாக மலை தெரிகிறது என்று வந்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பேனரை வெட்டிய அன்றே மாமா வாசலில் நின்று, சீர் செய்ய வரமாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தார். உடனே அம்மா விளக்குமாற்றை எடுத்து அக்காவை அடித்தாள். கல்லூரிக்குப் போகிற பெண், கையால்கூடத் தடுக்காமல் அவ்வளவையும் வாங்கிக்கொண்டாள். நான் கீற்றிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பூ அங்கேயே இருக்கிறது, மாமாவின் கடைப் பெயர் அங்கேயே இருக்கிறது, ஒரு சின்ன வேலை சொன்னால் இவளுக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்று எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரமாக வந்தது. இன்னும் இரண்டு அடி விழட்டும் என்று நினைத்தேன்.