புளியிட்டு மினுக்கிய மணி

எங்கள் வீட்டிலிருந்து ஆற்றங்கரை நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தைத் தாண்டி வடக்கே இறங்கினால் போதும். பனி உருகிய நாள் முதல் மறுபடியும் பனி விழும் நாள் வரை காலை நடையும் பதிகம் ஓதுவதும் எனக்கு ஒன்றாகவே நடைபெறும். முதற்பாட்டு எங்கள் வாசற் படலையடியில் தொடங்கும். பத்தாம் பாட்டைக் கடந்து கடைக்காப்புக்கு வரும்போது மரங்களுக்கிடையே ஆறு தெரியும். பல வருடங்களாக இந்தக் கணக்கு பிசகியதில்லை.

அந்த ஆற்றங்கரை வீதியின் முடக்கில் கல்லாற் கட்டிய சிறு அறை ஒன்று உண்டு. உள்ளே நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் வாசலில் நிற்கவேண்டும். கூரையின் மேல் ஒரு சிலுவை இருந்ததைக் கண்டிருந்தும், தோட்டச் சாமான் வைக்கும் இடமாக்கும் என்றே எண்ணிக் கடந்துபோயிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, பதிகத்தின் நடுவில் என் கால் தானாக நின்றது. தலை நரைத்த ஏழெட்டுப் பேர் அந்தக் கல் அறையைச் சுற்றி முழங்காலில் இருந்தார்கள். குசினியில் மரக்கறி வெட்டும் சிறு கத்திகளால் கல்லிடுக்குகளில் முளைத்த புல்லை ஒவ்வொன்றாக வேரோடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். குருவானவர் ஒருவரையும் காணவில்லை, பாட்டும் இல்லை. கோயில் வீதியிற் புல் செதுக்கும் உழவாரத் தொண்டை நான் அறிவேன். பாடிப் பரவிய அடியார்களுக்கு இணையாகக் கையாற் செதுக்கிய அடியார்களையும் எங்கள் சமயம் வணங்குகிறது. அதே தொண்டை இந்த ஊரில், இந்த முகங்களில், வேறொரு தெய்வத்தின் வாசலிற் கண்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

அவர்களுள் நெடிய, மெலிந்த ஒரு பெண் தலை நிமிர்ந்தார். எழுபது கடந்தவர். முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் என்பதையும், இந்தத் தொண்டர்களுக்கெல்லாம் அவரே தலைவி என்பதையும் பின்னர் அறிந்தேன்.

“பார்க்கப் போகிறீர்களா, மதாம், உதவப் போகிறீர்களா?” என்று பிரெஞ்சிற் கேட்டு ஒரு கத்தியை நீட்டினார்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்திற் பதினெட்டு வருடம் வேலை செய்தவள் நான். அங்கே கற்ற பிரெஞ்சு, இவ்வளவுக்குப் போதுமானதாக இருந்தது. கத்தியை வாங்கி முழங்காலில் இருந்தேன்.

புல் எடுத்தபடியே அவர் சொன்னார். முன்னொரு காலத்தில் ஆனி மாதத்திற் பெரிய ஆலயத்திலிருந்து நற்கருணையை, இறைவனின் உடலென்று அவர்கள் வணங்கும் அப்பத்தை, விதானத்தின் கீழ் ஏந்தி, ஊரெல்லாம் பின்தொடர, ஊர்வலம் வரும். ஆற்றங்கரைக்கு வந்ததும் அது இந்த அறையிற் சற்று நேரம் தங்கும். பிறகு திரும்பிப் போகும். அந்தத் தங்கலுக்காகவே கட்டிய இடம் இது. மற்ற நாட்களில் இதற்கு ஒரு வேலையும் இல்லை.

சுவாமி வீதியுலா வரும்போது இளைப்பாறுவதற்கென்று மண்டபம் கட்டிவைத்த ஊரிலே பிறந்தவள் நான். வருடத்தில் ஒரு நாள், சில நிமிட நேரம், இறைவன் இறங்கியிருப்பதற்காகக் கல் சுமந்தவர்கள் கடலுக்கு அப்பாலும் இருந்திருக்கிறார்கள்! இத்தனை வருடம் அதைத் தோட்டச் சாமான் அறையென்று எண்ணி நடந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

“நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவீர்களாக்கும்?” என்று தலைவியைக் கேட்டேன்.

“நானா?” என்று சிரித்தார். “இருபது வயதில் விட்டேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, மதாம்.”

“பிறகேன் முழங்காலில் இருக்கிறீர்கள்?”

“புல் கீழேதானே முளைத்திருக்கிறது.”

அன்று முதல் எல்லாச் சனிக்கிழமைகளிலும் போனேன். அடுத்த வீட்டில் இருக்கும், ரக்சி ஓட்டி ஓய்வுபெற்ற தம்பிக்கு இது பெரிய பகிடியாகப் போயிற்று. தம்பி என்று நான் கூப்பிட்டாலும் அறுபத்திரண்டு வயது.

“என்ன அக்கா, எங்கட சிவன் கோயில் காணாதெண்டு வேதக்கோயிலும் கூட்டத் தொடங்கிட்டியளோ?”

“ஓம். நீர் வீட்டிலயிருந்து ரீவி பாக்கிற நேரம் வந்து ரெண்டு புல்லுப் பிடுங்கலாம்.”

“எனக்கு நாரி நோ, குனிய ஏலாது. பேந்து பாப்பம்.”

ஆவணி பிறந்தபோது காரியம் பாரமாயிற்று. வெள்ளநீர் வடியும் பெருங்குழாய் ஒன்றை ஆற்றுக்குக் கொண்டுபோக நகரசபை முடிவு செய்திருந்தது. குழாயின் வழியில் இந்தக் கல் அறை நின்றது. பழைய கட்டடம் நெருப்பில் அழிந்துபோனதாம். இப்போது நிற்பது பிற்காலத்திற் புதிதாகக் கட்டிய போலியாம். ஆகையால் இடித்தால் இழப்பில்லையாம். நகரசபையின் கோப்பில் அவ்வாறு இருந்தது. எரிந்தது கூரை மட்டுமே, சுவர்கள் ஆதியிலிருந்தே நிற்பவை என்பது தலைவியின் உறுதி. அதை நிறுவ வேண்டும். பழங்கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரி புரட்டாதி முடிவில் வருவதாக இருந்தார். அவர் எழுதுவதைப் பொறுத்தே கட்டடம் நிற்கும் அல்லது விழும்.

அதற்கிடையில் இற்றுப்போன கூரைத் தீராந்தி மரங்களை மாற்றவேண்டியிருந்ததால் உள்ளே இருந்த பொருள்களை ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேணினோம். வாசல் நிலைக்கு உட்புறமாகத் தொங்கிய வெண்கல மணி என் பங்குக்கு வந்தது. ஒரு பூசணிக்காய் அளவு. கன்னங்கரேலென்று இருந்தது. அதை ஒரு துவாயிற் சுற்றிக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, தம்பியின் காரில் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை மாலையிலே தொண்டர்கள் கூடினார்கள். எந்தெந்தச் சான்றை அதிகாரிக்குக் காட்டுவது என்பதே பேச்சு. அன்று பிரதோஷம். நான் கோயிலுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை பூசையறைக் குத்துவிளக்குகளை மினுக்க எடுத்தபோது மணி கண்ணிற் பட்டது. மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இரவல் வாங்கிய சட்டியைக்கூடக் கழுவாமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. இதுவோ தெய்வத்தின் முன் ஒலித்த மணி. கறை கண்டாற் சும்மா இருக்கும் கையுமன்று என் கை. புளியைக் கரைத்து, உப்புச் சேர்த்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். முதலில் அசையவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு பொன்னிறக் கீற்றுத் தோன்றியது. அவ்வளவுதான்; பதிகம் பதிகமாக ஓதி ஓதித் தேய்த்தேன். உட்புறம், விளிம்பு, நாக்கு, தொங்கும் வளையம், ஓரிடமும் மிச்சமில்லை. வெயிலில் வைத்தபோது கண் கூசியது. அன்று எனக்கிருந்த நிறைவை என்னவென்று சொல்வேன்!

சனிக்கிழமை துவாயை விரித்துக் காட்டினேன்.

தலைவி வாசற்படியில் மெல்ல இருந்தார். மணியை மடியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

“என்ன வாசம் இது?”

“புளி.”

“சமையலுக்குப் போடுவதா?”

“ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் என்னைக் கடியவில்லை. மிக மெதுவாக விளங்கப்படுத்தினார். மணியின் கறுப்பு, அந்த நெருப்பின் புகைக்கரி. நெருப்பு இந்தச் சுவர்களுக்கு உள்ளேதான் எரிந்தது, மணி அதைக் கண்டது, என்று அதிகாரிக்குக் காட்டவிருந்த முதற்சான்று அதுவே. புதன்கிழமை முழுவதும் அதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள்.

நூறு வருடத்துக்கும் மேலாக ஒருவரும் தொடாதிருந்ததை ஒரு மத்தியானத்தில், வாயிலே இறைவன் பெயரை வைத்துக்கொண்டு, கழுவிச் சலவைத்தொட்டியில் ஊற்றிவிட்டேன். நம்பிக்கை இல்லாதவர் காத்துவைத்ததை நம்பிக்கை உடையவள் அழித்தேன். மன்னிப்புக் கேட்கவும் பிரெஞ்சு வரவில்லை.

தலைவி எழுந்தார். “அழாதீர்கள், மதாம். இன்னும் மூன்று சனிக்கிழமை இருக்கிறது.”

வீடு திரும்பும் வழியில் நான் ஒரே யோசனையாக இருந்தேன். எங்கள் ஊர்க் கோயில்களிற் குடமுழுக்குக்கு முன் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். தீபப்புகை ஏறிய சுவரை எவ்வளவு வெளுத்தாலும், வெள்ளை உதிர்ந்த இடத்திற் பழைய கரி எட்டிப்பார்க்கும். புகை மணிக்கு மட்டுமா வந்திருக்கும்? பாதி வழியில் திரும்பி நடந்தேன். தலைவி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“சுவர்” என்றேன். “வெள்ளைக்குக் கீழே.”

அவர் கதவை மறுபடி திறந்து உள்சுவரை விரல் நுனியால் தடவினார். ஊர்வலம் வந்த காலமெல்லாம் ஒவ்வோர் ஆனியிலும் ஊரார் கூடி உள்ளே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். “அதைச் சுரண்டினால் அவர்களுடைய வேலையை அல்லவா சுரண்டுகிறோம்?” என்று கேட்டார். கடைசியில், ஓர் உள்ளங்கை அளவு இடம் மட்டும், அதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை, என்று தீர்மானித்தார். கடவுளை நம்பாத அவர், முன்பின் அறியாத மனிதர்களின் சுண்ணாம்புப் பூச்சுக்கு அவ்வளவு அஞ்சினார். அந்த அச்சத்துக்கு எங்கள் நூல்களில் ஒரு பெயர் உண்டு. பக்தி என்ற அந்தப் பெயரை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இரும்பு படக்கூடாது என்றார். ஐஸ்கிரீம் குச்சிகளைச் சீவிக் கூராக்கினோம். முறைவைத்து ஒருவர் சுரண்ட, ஒருவர் விளக்குப் பிடிக்க, ஒருவர் உதிர்ந்த தூளைக் கடதாசியில் ஏந்தினார். ஒவ்வொரு பூச்சிலும் ஒரு சிறு விளிம்பை விட்டு அடுத்ததற்கு இறங்கினோம். அது ஒரு குட்டிக் கேணியின் படிக்கட்டைப் போல ஆகிவந்தது. இரண்டாம் சனிக்கிழமை தம்பியும் வந்தார். நாரி நோவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

“பார்த்துச் சுரண்டும் தம்பி.”

“முப்பது வருசம் ரக்சி ஓடின கையக்கா. றிவேர்ஸில நூறு வருசம் பின்னுக்குப் போறம், நீங்கள் கத்தாமல் வாங்கோ.”

ஒரு பூச்சு வெள்ளை, ஒன்று பாலேட்டின் நிறம், ஒன்று மிக இலேசான நீலம். அந்த நீலத்தை நான் கண்டவுடன் அறிந்தேன். வெள்ளை உடுப்புக்குப் போடும் சலவை நீலம். யாரோ ஒரு பெண், தன் வீட்டு நீலத்திற் சிறிது கொண்டுவந்து சுண்ணாம்பிற் கலந்திருக்கிறாள், இறைவன் வந்திருக்கும் சில நிமிடமும் சுவர் பளிச்சென்று இருக்கட்டுமென்று. பெயரில்லை, கல்வெட்டில்லை. நகத்தின் தடிப்புக்கூட இல்லாத ஒரு படலமாக அவள் அங்கே இருந்தாள். நாங்கள் பூச்சுகளை எண்ணினோம், எண்ணிக்கை தவறியது, மறுபடி எண்ணினோம், பிறகு விட்டுவிட்டோம்.

மூன்றாம் சனிக்கிழமை பதினொரு மணியளவில் தலைவியின் கையிற் குச்சி இருந்தது. கடைசி வெள்ளை ஒரு செதிலாகக் கழன்று விழுந்தது. அதன் கீழே கல் கறுப்பாக இருந்தது. அவர் விரலால் தொட்டார். கையுறையின் நுனியில் கரி ஒட்டிக்கொண்டது.

நெருப்பணைந்த பிறகு கரியைக்கூடத் துடைக்காமல் அதன்மேலேயே யாரோ வெள்ளையடித்திருக்கிறார்கள். அடுத்த ஆனி வந்துவிட்டதுபோலும்; காத்திருக்க நேரமில்லைபோலும். தலைவி கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அந்தக் கறுப்பின்மேல் வைத்தார். இடம் அளவெடுத்ததுபோல் இருந்தது. ஏழெட்டுப் பேரும் வாசல்வரை நெருங்கி நின்றோம். நாள்தோறும் தானாக வரும் பதிகம் அன்று என் வாயில் வரவில்லை. இறைவன் சொல்லுக்கு அப்பாற்பட்டவன் என்று நான் ஆயிரம் தடவை ஓதியிருக்கிறேன். ஓதுவது வேறு, நிற்பது வேறு.

அதிகாரி வந்தபோது முதலில் மணியைத்தான் பார்த்தார். “இது புதிதா?”

“இல்லை,” என்றார் தலைவி, முகத்தில் ஒரு மாற்றமுமின்றி. “மிகவும் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.” பின்னால் நின்ற தம்பி இருமினார்.

பிறகு அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்துச் சுவரின் முன் முழங்காலிட்டார். அரை மணி நேரம் எழவில்லை. மணியை எங்கிருந்தும் கொண்டுவந்து தொங்கவிடலாம், சுவரை அப்படிக் கொண்டுவர முடியாது என்று எழும்போது சொன்னார். முதற்பனி விழுவதற்கு முன் கடிதம் வந்தது. குழாய் வீதியின் மறுபுறமாகப் போகும், சுவர் நிற்கும்.

மணி பழைய இடத்திலே தொங்குகிறது, வெட்கமில்லாமல் மினுங்கிக்கொண்டு. மறுபடி கறுக்க எத்தனை காலம் செல்லும் என்று கேட்டேன். நம் இருவருக்கும் அதைக் காணக் கிடைக்காது என்றார் தலைவி. பார்க்க வருபவர்களிடம் என்னைக் காட்டி, “கழுவியவர் இவர்தான்” என்று அறிமுகம் செய்கிறார். அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

இந்த ஆனியிலே சுண்ணாம்பு கரைத்தோம். அந்த உள்ளங்கை இடத்தை மட்டும் மூடாமல் மிச்சச் சுவருக்கு இவ்வருடப் பூச்சு. முதல் தூரிகையை என்னிடம் நீட்டி, “புளி இல்லையே?” என்று தலைவி கேட்டார். இல்லை என்றேன். கைப்பையிற் கொண்டுவந்திருந்த சலவை நீலத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையசைத்தார். ஒரு சிட்டிகை போட்டேன்.

முழங்காலிட்டு அடியிலிருந்து தொடங்கினேன்.

“கும்பிடுகிறீர்களா, மதாம்?”

“இல்லை. சுவரின் அடி கீழேதானே இருக்கிறது” என்றேன்.

அது பாதிதான் உண்மை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. பக்கத்தில் முழங்காலிட்டு, தம் தூரிகையை வாளியில் தோய்த்தார்.