பார்சலுக்கு ஒரு பிடி அரிசி

நாம் எது வாங்கினாலும் அந்தப் பெரிய ஆன்லைன் கடை, நாம் சொல்லும் தர்ம நிறுவனத்துக்கு விலையில் ஒரு துளி கொடுத்துவந்தது. நான் பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் இல்லத்தைச் சொல்லியிருந்தேன். அங்கே அடுப்பு எரிவதே என்னால்தான் என்று ஊருக்கே தெரியும்.

இன்று காலை போனில் செய்தி. அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்களாம்.

அவர்கள் நிறுத்தினால் இல்லத்தில் உலை கொதிக்காதா? வாசலில் ஒரு பானையை வைத்தேன். இனி எங்கள் தெருவில் பார்சல் வாங்குகிற எவரும் அதில் ஒரு பிடி அரிசி போட வேண்டும். மத்தியானத்துக்குள் பானை நிரம்பி வழிந்தது. அடுத்த தெருக்காரர்கள் யோசனை கேட்டு வரிசையில் நின்றார்கள்.

எனக்குச் சட்டைப் பார்சல் கொண்டுவந்த சுடலை பானையைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, நீங்க வாங்குததுல பாதிய திருப்பியில்லா அனுப்புதிய. அப்போ போட்ட அரிசிய வெளிய எடுப்பியளோ?"

"திருப்பி அனுப்பினா ரெண்டு பிடியா போடுதேன் வே. அந்தக் கம்பெனிக்காரன் மாதிரி பாதியில விட்டுட்டு ஓடுத ஆளா நான்?"

சாயங்காலம் பானையை நானே இல்லத்துக்குக் கொண்டுபோகிறேன். எவன் நிறுத்துகிறான் பார்ப்போம்.

சட்டை தோளில் இறுக்கிப் பிடிக்கிறது, திருப்பி அனுப்புகிறேன். இரண்டு பிடி போட்டுவிட்டேன்.

உங்கள் தெருவில் பானை வைத்தாயிற்றா?