தாங்கியின் மேல் ராஜினியின் பெட்டி

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைக் கழற்றிவிடுவது என்று தண்ணீர்ச் சங்கம் முடிவெடுத்தபோது ராஜினி முன்வரிசைக் கதிரையில்தான் இருந்தாள். எழுந்து போகவுமில்லை, தலையைக் குனியவுமில்லை.

"கழட்டுறதெண்டால் நான்தான் கழட்டுவன். வேற ஆரும் அதில கை வைக்கக் கூடாது."

சங்கத் தலைவர் செல்வநாயகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, உன்ர பெட்டி உன்ர மேசையில திறமாத்தான் வேலை செய்யுது. அதுக்காக ஊர்த் தாங்கியை உன்ர மேசைக்கு மேல தூக்கி வைக்கேலுமே?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராஜினிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சல்.

கனகராயன்குளத்தின் உள்ளொழுங்கை ஒன்றை ஒட்டியிருந்த சின்ன ஊர் அது. மோட்டர் அறை குளக்கட்டின் கீழே இருந்தது. தண்ணீர்த் தாங்கி ஊரின் மறு அந்தத்தில், அமராவதியக்கா வீட்டுக்குப் பின்னால். தாங்கி நிறைந்தால் யாராவது சைக்கிளை மிதித்துப் போய் மோட்டரை நிறுத்த வேண்டும். அதற்குத்தான் ராஜினி பெட்டியைச் செய்தாள். தண்ணீர் விளிம்பைத் தொட்டதும், பெட்டிக்குள் இருக்கும் வயரில்லாச் சிப் மோட்டர் அறைக்குச் செய்தி அனுப்பும். மோட்டர் தானாக நிற்கும். ஆனால் அந்தச் சிப்போ, மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருந்துவிட்டு, பேச வேண்டிய நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டது. தண்ணீர் வழிந்து அமராவதி வீட்டு ஒழுங்கைப் பாதை சேற்று வயலாகிவிட்டது.

ராஜினியின் அப்பா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடி வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். 'தோட்டத்தாக்கள்' என்ற ஏளனப் பேச்சைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது தடித்துவிட்டது. வவுனியாவில் அன்ஸார் நானாவின் போன் கடையில் வேலை பழகியபோதும், இனிச் சரிவராது என்று மற்றவர்கள் தள்ளிவைத்த போனைத்தான் முதலில் எடுப்பாள். "இவ போனைத் திருத்திறதில்ல, அதோட சண்டை பிடிக்கிறா" என்பார் நானா.

கணவன் சங்கிலி, லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் ஓட்டுபவன். கூட்டம் முடிந்து வரும் வழியில் மெல்லச் சொன்னான்: "விட்டிரன். ஊராக்களோட ஏன் கொழுவல்?"

"இப்ப விட்டால், இனி நான் செய்யிற எந்தச் சாமானையும் இந்த ஊர் வாசலுக்குள்ள எடுக்காது. நான் விடமாட்டன்."

சனிக்கிழமை காலை அமராவதியின் குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினாள். பற்றரி அங்கேதான் இருந்தது. முதலில் தாங்கிக்குக் கீழே வைத்த பற்றரியை ஒரு கிழமைக்குள் யாரோ களவெடுத்துவிட்டார்கள். அதனால் புதுப் பற்றரியை மட்டுமல்ல, பன்னிரண்டு வோல்ற்றைச் சிப்புக்கு ஏற்ற மூன்று சொச்சமாகக் குறைக்கும் சின்னப் பலகையையும், கரண்டைத் தேக்கி வைக்கும் கப்பாசிற்றரையும்கூட, களவு போகக்கூடிய எல்லாவற்றையும் அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியிருந்தாள். அங்கிருந்து மெல்லிய வயர் ஒன்று வளவு கடந்து தாங்கியில் ஏறியது. மீற்றரை வைத்துப் பார்த்தாள். வோல்ற் சரி. நேற்றும் சரி, முந்தாநாளும் சரி.

"தண்ணி தாங்கோ அக்கா. தொண்டை காயுது."

அமராவதி அடுப்படிக் குடத்தில் மொண்டு கொடுத்தாள்.

"வாசலிலதானே பைப் இருக்கு, பிறகேன் குடம்?"

"அந்தப் பைப் நூல் மாதிரி வரும். அதில கிளாஸ் நிரம்ப முதல் சோறு அடிப்பிடிச்சிடும். அவசரத்துக்குத் தண்ணி அடுப்படியில நிக்கோணும், மோளே."

ராஜினி குடிப்பதை நிறுத்திக் குடத்தைப் பார்த்தாள். பிறகு வயரைப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, நான் ஒரு விசரி!"

சிப் சும்மா இருக்கும்போது சொட்டுச் சொட்டாகத்தான் கரண்ட் குடிக்கும். பேச வாய் திறந்த கணமோ ஒரே மிடறாகக் கேட்கும். அந்த மிடறு குசினியிலிருந்து நூல் வயரில் போய்ச் சேருமுன் வோல்ற் விழுந்து, சிப் மயங்கிவிடும். எழும்பும், திரும்பப் பேசப் பார்க்கும், திரும்ப மயங்கும். கண்சிமிட்டும் நேரத்து மயக்கம் மீற்றரில் எங்கே தெரியப் போகிறது! மேசையில் வயர் ஒரு சாண். அதனால் அங்கே வில்லங்கம் இல்லை. சிப்பின் அடுப்படியில் நிற்க வேண்டிய குடம்தான் கப்பாசிற்றர். அதைக் கள்ளனுக்குப் பயந்து குசினியில் பூட்டி வைத்தது அவளேதான்.

ஞாயிறு காலை செல்வநாயகம் ஆட்களோடு வந்தபோது ராஜினி ஏணியின் உச்சியில் இருந்தாள். பற்றரி மட்டும் குசினியில். பலகையும் கப்பாசிற்றரும் பெட்டிக்குள், சிப்பை ஒட்டினாற்போல. வயரும் தடித்த வயர்.

"இறங்கு பிள்ளை. கழட்டிப்போட்டியோ?"

"இல்லை. பிழை என்ர, பெட்டியின்ர இல்லை. தாங்கி நிறையுமட்டும் நான் இறங்கன்."

"விழுந்து கிழுந்து போனால் சங்கம் பொறுப்பில்லை, சொல்லிப்போட்டன்!"

"சங்கத்திட்ட ஆர் கேட்டது?"

வெயில் ஏறியது. தாங்கிக்குள் தண்ணீர் விழும் இரைச்சல் கீழே நின்றவர்களுக்கும் கேட்டது. மேலே ராஜினி, தண்ணீர் விளிம்பை நோக்கி ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் விளிம்பைத் தொட்டது. பெட்டியில் சின்ன வெளிச்சம் மின்னியது. இரைச்சல் நூலாகி, சொட்டாகி, நின்றது.

செல்வநாயகம் தொண்டையைச் செருமினார். "இண்டைக்கு நிண்டுது. நாளைக்கு?"

"நாளைக்கும் வாங்கோ, ஐயா. நாளையிண்டைக்கும் வாங்கோ. கழட்டுற ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

வேலியோரம் நின்ற அமராவதி காய்ந்து வெடித்த சேற்றைக் காலால் தட்டினாள். "இந்த ஒழுங்கையில நாத்து நடலாமெண்டு இருந்தனான். கெடுத்துப்போட்டாய், மோளே!"

ராஜினி அப்போதுதான் ஏணியிலிருந்து முதல் காலை இறக்கினாள்.