தலைக்கு மேல் மலை இல்லாத வீடு

என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. நாலு வருஷம் அதில் அத்தானின் லெவல் டியூப் சுருண்டு தொங்கியது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் சாதாரண பிளாஸ்டிக் குழாய்தான். தண்ணீரை நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அத்தான் என் அக்காவின் கணவர். மூணாறில் ஓர் எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொத்தனார். சரிவில் கல் அடுக்கித் தாங்கு சுவர் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரிட்டயர் ஆகிக் கீழே போன அன்று குழாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இந்தா டீச்சரம்மா, நீயே வச்சுக்க. அங்கிட்டு எல்லாம் மட்டமாத்தான் கெடக்கு, எனக்கு எதுக்கு இது?" என்று சிரித்தார். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுப்பவள் என்பதால் கேலிக்கு அவர் வைத்த பெயர் அது.

எஸ்டேட் ஆட்களுக்கு வீடு என்பது வேலை இருக்கிறவரைதான். ரிட்டயர் ஆனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கல்யாணம் கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த ஒற்றை அறைக்குள்தான் என்றாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் போடிமெட்டு இறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் சொந்தக்காரர்களை அண்டிப் போவார்கள். அத்தானுக்கு அங்கே யாரும் மிச்சமில்லை. அவர் ரிட்டயர் ஆவதற்கு முந்தின மழையில் பக்கத்து எஸ்டேட்டில் மலை சரிந்து ஒரு லயமே மண்ணுக்குள் போனது. அக்காவோடு கொழுந்து கிள்ளிய சிநேகிதி ஒருத்தியும் அதில் போனாள். தோண்டப் போன ஆட்களில் அத்தானும் ஒருவர். திரும்பி வந்தவர் மூன்று நாள் சோற்றில் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு மழை வலுத்தால் போதும், அக்கா ரேஷன் கார்டு இருக்கும் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். எவ்வளவு கெஞ்சினாலும் உள்ளே வரமாட்டாள்.

ஆகவே அத்தான் இடம் தேடியபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "தலைக்கு மேல மலை நிக்கக் கூடாது. மத்ததெல்லாம் பாத்துக்கலாம்." சேர்த்தலைக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு சின்ன வீடு மலிவாக வருகிறது என்று தேயிலை லாரி ஓட்டும் ஒருவர் சொன்னார். நாங்கள் மூவரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். பின்பக்கம் கடலோடு சேரும் ஒரு கால்வாய். புதிதாக வெள்ளையடித்திருந்தும் சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தது. தென்னைகள் குருத்து வரைக்கும் மஞ்சளடித்து நின்றன. அத்தான் சுவரைத் தட்டிப் பார்த்து, "கொஞ்சம் ஈரம். மூணாறுல ஈரமில்லாத சுவரு ஏது?" என்று தள்ளிவிட்டார். ஆயுசு பூராவும் பனியில் ஊறிய சுவர்களையே பார்த்த மனிதர். கடல் ஏறிய சுவரை அவர் கண்டதே இல்லை.

நான் கண்டுகொண்டேன். அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்குத் துருவப் பனியைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும்; ஹெட்மாஸ்டரையே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். அன்று மட்டும் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். அக்கா முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய், பாருடி! மேல ஒண்ணுமே இல்லடி, வெறும் வானம்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அந்த மழைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வேறு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? என் வாடகை வீடும் மலையடியில்தான். இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்குத் தைரியமில்லை.

நாலு வருஷம் கழித்து அத்தான் போன் செய்தார். "டீச்சரம்மா, அந்த டியூப்பக் கொண்டுட்டு வர்றியா?" அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சனிக்கிழமையே போனேன். அங்கத்து ஆட்கள் வேலியேற்றம் என்று சொல்லும் ஓதம், கடல் பொங்கி உள்ளே ஏறும் தண்ணீர், கால்வாயில் விளிம்பு தட்டி நின்றது. குழாயில் தண்ணீர் நிரப்பி, குமிழியெல்லாம் போகத் தட்டி, ஒரு முனையை என்னிடம் கொடுத்து வாசற்படியில் நிறுத்தினார். மறு முனையோடு அவர் கால்வாய் ஓரம் போனார். குறித்து, அளந்து, கணக்குப் பார்த்தார். படிக்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில் தண்ணீர் நின்றது.

"மழையுமில்ல, ஒண்ணுமில்ல. எங்கிட்டிருந்துதான் வருது இம்புட்டுத் தண்ணி?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். ஓதம் எப்போதும் உள்ளதுதான் என்றும், அது ஏறி நிற்கும் கடலே உயர்ந்துகொண்டு வருகிறது என்றும் சொன்னேன். கடல் சூடேறினால் தண்ணீரே உப்பிப் பெருகும். தென்துருவத்தில் தரைமேல் மலை மலையாகப் பனி கிடக்கிறது. கடலில் மிதக்கிற பனித்தட்டு அதைச் சரியவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. சூடேறிய தண்ணீர் அந்தத் தட்டின் அடியில் புகுந்து அரிக்கிறது. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். என் மாணவர்களுக்கு இரண்டு பீரியட் ஆகும் பாடம் அவருக்கு இரண்டு நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

"அப்ப அது தாங்கு சுவரு. அடியில அரிச்சா சுவரு நிக்குமா? பின்னால உள்ளதெல்லாம் எறங்கத்தான செய்யும்." கையிலிருந்த குழாயின் முனையைத் தூக்கிக் காட்டினார். "அங்கிட்டு ஊத்துனா இங்கிட்டு ஏறுது. அங்கயும் மலைதான் எறங்குதா, டீச்சரம்மா?"

"ஆமா அத்தான்."

"இது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அக்காதான் படியில் உட்கார்ந்தபடியே, "விடுங்க. சொல்லியிருந்தா மட்டும் எங்க போயிருப்போம்?" என்றாள். அவள் மடியில் அதே துணிப்பை இருந்தது.

விற்றுவிடலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "விக்கலாம். வாங்க வாரவன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல? சுண்ணாம்பு அடிச்சுட்டு வாயப் பொத்திக்கிறவா?" என்றார். என்னைக் குத்திச் சொல்லவில்லை, அவருக்கு அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் மூணாறு வந்து சேர்கிறவரை பஸ்ஸில் அந்த வார்த்தைதான் காதுக்குள் கிடந்தது. பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கடலோரம் இன்னும் கொஞ்சம் கல் கொட்டுவார்கள் என்று பதில் வந்தது. துருவத்தில் யார் போய்க் கல் கொட்டுவது?

அதிலிருந்து ஓதம் பெருகுகிற அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அத்தான் போன் செய்வார். மறு முனையைப் பிடிக்க அக்காவைப் பழக்கியிருந்தார். படிக்குக் கீழே தண்ணீர் நிற்கும் இறக்கத்தை, "எட்டு விரலு" என்பார். இன்னொரு முறை, "இன்னைக்குப் பரவால்ல, ஒம்போது." எட்டு ஒன்பதானால் பண்டிகை வந்தது மாதிரி இருக்கும் எனக்கு. பிறகு ஆறு என்பார். கேட்டு வைத்துக்கொள்வதைத் தவிர என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

போன பௌர்ணமிக்கும் கூப்பிட்டார். "எத்தனை விரல் அத்தான்?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு டியூப் போடல. தேவைப்படல" என்றார். பின்னால் அக்கா தண்ணீரில் சளசளவென்று நடந்து பாத்திரங்களைக் கட்டில்மேல் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. "யாராச்சும் மூணாறு பக்கம் வந்தா குடுத்துவிடுறேன். பழையபடி மாட்டி வச்சுக்க."

"குழாய் கிடக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் கிளம்பி வந்துருங்க, அத்தான்."

"எங்கிட்டு?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த வெறும் ஆணியைப் பார்த்தபடி நின்றேன். அது அடித்திருக்கிற சுவருக்குப் பின்னால் மலை.