கும்மி தட்டிப் படித்த ஸ்பானிஷ்

எங்கள் பென்னலூரில் கும்மி தட்டி ஸ்பானிஷ் படித்த ஒரே ஆள் என் அத்தைதான். அப்பாவின் தங்கை. தொண்ணூற்றொன்றில் அவளுக்குக் கன்னியர் மடத்தில் சேர்ந்து ஸ்பெயினுக்குப் போக ஆசை. அங்கிருந்து வரும் பெரிய மதர் முன்னால் ஒரு செபத்தைச் சரியாக வாசித்துவிட்டால் அழைத்துப் போவார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அது ஒரு விளையாட்டு.

நம் நாக்கு எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி உருட்டிவிடும். ஸ்பானிஷிலோ சொல்லுக்குச் சொல் ஓர் அசையை மட்டும் அழுத்த வேண்டும். அத்தைக்கு அதுதான் பிடிபடவில்லை. ஆனால் மாதா திருவிழாக் கும்மியில் முதல் ஆள் அவள். சொல்லை உடைத்து, அசைக்கு ஒரு தட்டு, அழுத்தும் இடத்தில் ஓங்கி ஒரு தட்டு என்று வழி கண்டுபிடித்துவிட்டாள். கும்மிக்கு எதிர்க்கை வேண்டுமே, ஏழு வயதில் நான் இருந்தேன்.

"கா-மீ-னோ. எங்க ஓங்கணும் பாப்பா?"

"நடுவுல அத்தே."

"கோ-ரா-சோன்?"

"கடைசில."

சாயங்காலம் எங்கள் கைச்சத்தம் கேட்டதும் அப்பா மாட்டைக் கட்டப் போய்விடுவார். எங்களிடம் இருந்தது ஒரே மாடு. அதை அவர் இருட்டும்வரை கட்டுவார்.

மதர் வந்த அன்று நானும் மடத்துக்குப் போனேன். அத்தையின் இரண்டு கையிலும் கனமான செபப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். தட்டக் கை இல்லாமல் அவளுக்கு வாயும் எழும்பவில்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். என் கை சும்மா இருக்குமா? எதிரே போய் நின்று தட்ட ஆரம்பித்தேன். அத்தை என் கையைப் பார்த்துக்கொண்டே கடைசி வரை வாசித்தாள். மதர் சிரித்து, என் கன்னத்தைக் கிள்ளி ஏதோ சொன்னார்.

"இன்னா அத்தே சொன்னாங்க?"

"உன்னாலதான் நான் பாஸாம்."

ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டிரங்குப் பெட்டியோடு அவள் பஸ் ஏறியபோதுகூட, "சாயங்காலம் புதுசா ஒரு வார்த்தை எடுத்துகினு வா அத்தே" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா அன்று பகலிலேயே மாட்டைக் கட்டப் போனார்.

ஆசைப்பட்ட வாழ்க்கைதான் அவளுக்குக் கிடைத்தது. இன்று ஸ்பெயினில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கும்மி சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஓங்கித் தட்டிய ஒவ்வொரு தட்டும் அவளை எங்கள் வீட்டைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தார்களே, அதற்கு அவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். தெரிந்திருந்தால் அன்று மடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.