மேல்பக்கம் என்று எழுதியிருந்தது

மகளின் வீட்டு மேற்குச் சுவரில் ஒரு வட்டம் இருக்கிறது. தேநீர்க் கோப்பையை வைக்கும் தட்டின் அளவு. நிலத்திலிருந்து ஒன்பது அடி உயரம், தெற்கு மூலையிலிருந்து நான்கு அடி தூரம். அந்தச் சுவருக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது. காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அஸர் தொழுகைக்குப் பிறகு வெயில் வயல் பக்கத்திலிருந்து சாய்ந்து விழும்போது மட்டும், மறந்துபோன ஒருவர் கதவைத் தட்டுவதைப் போல, அது மெல்லத் துலங்கும். இன்று காலை அதன் கீழே ஓர் ஏணி சாத்தப்பட்டிருந்தது. அது எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வட்டம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதற்கு என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மச்சான் என் மனைவியின் காக்கா, மூத்த சகோதரர். வீடுகளுக்கு வயரிங் செய்வது அவருடைய தொழில். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த வழக்கப்படி நான் மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேசுடன் சாய்ந்தமருதுக்கு வந்தேன். அதே வருடம் அவர் சாய்ந்தமருதிலிருந்து அட்டாளைச்சேனைக்குப் போனார். நான் அவருடைய ஊருக்குள் வர, அவர் ஊரை விட்டுப் போனதால், "என்ட இடத்தப் பிடிச்சிக்கிட்டு என்னையத் துரத்தின ஆள்" என்றே என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவார். இரண்டு பேருமே பிறந்த வீட்டில் இல்லாத ஆண்கள் என்பதால் எங்களுக்குள் ஓர் ஒட்டு இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் நேர் எதிர். அவர் எதையும் எழுதிவைக்க மாட்டார். ஒரு வீட்டின் எல்லா வயர்களும் எந்தச் சுவருக்குள் எந்த வழியாக ஓடுகின்றன என்பது அவருடைய தலைக்குள் இருக்கும். நான் அரசாங்கக் கந்தோரில் காணிக் கோவைகளைப் பார்க்கும் இலிகிதர். பள்ளிக்கூடம் விட்ட நாள் முதல் டயறி எழுதுகிறேன். எழுதாத ஒன்றை நடந்ததாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.

மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. அவளுக்கென்று எழுப்பிய வீட்டில் பூச்சு வேலை முடியும் தறுவாயில் இருந்தது. கரண்ட் மட்டும் வர வேண்டும். வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையில் நிற்கும் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்பதற்கு முன், உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்த்துச் சம்மதம் தர வேண்டும். அவர் வரும் நாளையும் அறிவித்துவிட்டார்கள். அன்று ஏதாவது குறை இருந்தால் மறுமுறை அவர் வருவது நிக்காஹ் முடிந்த பிறகுதான். வெளிச்சம் இல்லாத வீட்டில் மாப்பிள்ளையைக் குடியேற்றுவதா என்று மனைவி அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

மச்சான் அப்போது பொத்துவிலில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலையாக இருந்தார். அங்கிருந்து ஒரு நாள் போன் எடுத்தார். பின்னால் யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம்.

"மச்சான், சர்வீஸ் வயர் உள்ள வாறதுக்கு மேல்பக்கமா ஒரு ஓட்ட போட்டு பைப்ப வெக்கச் சொல்லுங்க. பூச்சு முடியிறதுக்கு முன்னம்."

நான் டயறியை விரித்துக்கொண்டு, "மேல்பக்கம்தானே?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம். நல்லா மேல்பக்கமா."

எழுதிக்கொண்டேன்: "சர்வீஸ் பைப் – மேல்பக்கச் சுவர்."

இதில் என்ன பிழை என்று கேட்டால், அன்று என்னால் சொல்லியிருக்க முடியாது. நான் நாள் முழுதும் புரட்டும் பழைய காணி உறுதிப் பத்திரங்களில் மேல்பக்கம் என்றால் மேற்கு எல்லை, கீழ்ப்பக்கம் என்றால் கிழக்கு எல்லை. அவற்றுக்கு அங்கே வேறு பொருள் கிடையாது. ஊரில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. எங்கள் ஆட்களுக்குக் கிழக்கு என்றால் கடல் பக்கம், மேற்கு என்றால் வயல் பக்கம். பக்கத்துக்குக் கடலும் வயலும் இருக்கும்போது கிழக்கும் மேற்கும் எதற்கு? ஆனால் நான் கந்தோரை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்ட மனிதன்.

மேசன் தம்பிலுவிலைச் சேர்ந்தவர். நிதானமானவர். நான் காட்டிய சுவரையும் ஒழுங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேர், போஸ்ட் கடல் பக்கம் நிக்குது. ஓட்டய வயல் பக்கமாப் போடச் சொல்றீங்க. ஒருக்கா மச்சானிட்டக் கேட்டுப் பாருங்களன்."

"எழுதியிருக்கு" என்று டயறியை நீட்டினேன். அவர் அதை வாசிக்கவில்லை. எழுத்து என்று ஒன்று இருப்பதற்கு மரியாதை கொடுத்து, உளியை எடுத்தார். மாலைக்குள் இரண்டு அங்குலப் பைப் மேற்குச் சுவரில் இறுகிவிட்டது. அதற்குக் கீழே மீட்டர் பெட்டி வைக்கும் பலகையையும் பொருத்திவிட்டார். நானே மட்டம் பார்த்தேன். மயிரிழைகூடப் பிசகு இல்லை.

உத்தியோகத்தர் வருவதற்கு முதல் நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முன்பக்கம் பார்த்தார், பைப்பைக் காணவில்லை. பக்கவாட்டில் போனார். பின்னால் போனவர் நெடுநேரம் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றியபடி பைப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கரண்ட் வயலுக்குள்ள இரிந்தா வரப்போகுது?"

"நீங்கதானே மேல்பக்கம் எண்டு சொன்னீங்க."

"நான் சொன்ன மேல்பக்கம்..." என்று ஒரு விரலை உயர்த்தி வானத்தைக் காட்டினார். "மேல மச்சான். உசர. வயலப் பாத்த கிப்லாப் பக்கமெண்டா நான் தொழத்தான் சொல்லுவன், பைப் வெக்கச் சொல்ல மாட்டன்."

நான் டயறியைத் திறந்தேன். "இல்ல, எழுதியிரிக்கி..."

சத்தம் கேட்டு மகள் வந்தாள். ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "வாப்பாக்கு மேல்பக்கமெண்டா உறுதிதான் மாமா. வானமும் உறுதியில இரிந்தாத்தான் வாப்பாக்குத் தெரியும்" என்றாள். மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுத் தென்னையிலிருந்த காகங்கள் எழுந்து பறந்தன. மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊரெல்லாம் எல்லப் பிரச்சினைக்கு இவரிட்ட வாற. இவருக்கு எந்தப் பக்கம் எதெண்டு தெரியா" என்று நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வயரைக் கூரைக்கு மேலால் பின்பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள். சுற்றிக் கொண்டு வருவதென்றால் இரண்டு பக்கமும் பிறர் வளவுகள். கம்பத்தைப் பார்த்த முன்சுவரில்தான் பைப் வர வேண்டும். முன்சுவரிலோ, மனைவி ஆசைப்பட்டு அதே மேசனைக் கொண்டு நான்கு நாள் செய்வித்த சீமெந்துப் பூவேலை. வாசலின் தென்புறம் முழுக்க ஐந்து பெரிய பூக்கள். வயர் வந்து சேரக்கூடிய உயரம் சரியாக அந்தப் பூக்களின் உயரம்.

"என்ட முன்சுவரில ஆரும் கை வெக்க ஏலா" என்றாள் மனைவி.

மச்சான் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "தங்கச்சி, அஞ்சு பூ வெச்சிரிக்காய். காக்காக்கு ஒரு பூவத் தர மாட்டியா? ஒண்டே ஒண்டு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "எந்தப் பூவு?" என்றாள்.

அப்போதே எங்களுக்கு மூச்சு வந்தது.

டிரில் மெஷினுக்குக் கரண்ட் இல்லாத வீட்டில், கரண்ட் வருவதற்கான துளையை உளியால்தான் போட வேண்டியிருந்தது. மச்சான் ஏணியில் நின்று மூன்றாவது பூவின் நடுவட்டத்தில் உளியை வைத்தார். நான் ஏணியைப் பிடித்தேன். மகள் மட்டத்தைப் பிடித்தாள். மனைவி ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடினாள். இதழ் ஒன்றுகூட உடையவில்லை. பைப்பை நுழைக்கும்போது வெளிமுனை உள்முனையைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வைத்தார். மழைத்தண்ணீர் உள்ளே ஓடாமல் இருப்பதற்கு. நான் அதை எழுதிக்கொண்டேன். அப்போதுதான் மேலேயிருந்து, வயர் எப்படி வர வேண்டும் என்பதைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். கம்பத்திலிருந்து வரும் வயர் நேராகப் பைப்புக்குள் போகக் கூடாது. சுவருக்கு வந்ததும் பைப்பின் வாயைவிடக் கீழே ஒரு தடவை தொங்கி, பிறகு ஏறி உள்ளே போக வேண்டும். வயரோடு ஓடி வரும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்.

"சர்வீஸ் வயரும் மாப்பிள்ளையும் ஒண்டுதான் மச்சான். ரெண்டும் வெளியில இரிந்து வாற. ஒருக்காக் குனிஞ்சிட்டுத்தான் உள்ள வரோணும். கொண்டு வந்த ஈரத்த வாசல்லயே சொட்ட உட்டுரோணும்."

"நான் குனிஞ்சா வந்தன்?" என்று கேட்டேன்.

"நீங்க டயறியப் பாத்துக்கிட்டு வந்தீங்க. நிலையில தல இடிச்சது" என்றார். அது உண்மை.

மேற்குச் சுவரிலிருந்த பலகையைக் கழற்றி முன்சுவரில் பொருத்தினோம். பைப்பையும் உடைத்து எடுக்கலாமா என்று கேட்டேன். "வேணா, இரிக்கட்டும். எழுதினத ஏன் அழிக்கிற? ரெண்டு வாயையும் மட்டும் அடைப்பம்" என்று சீமெந்தைக் குழைத்து வட்டமாக அப்பினார்.

மறுநாள் காலை உத்தியோகத்தர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியைப் பார்த்தார், பூவின் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பைப்பைப் பார்த்துச் சற்றே சிரித்தார். எல்லாம் சரி என்று எழுதப் போகும் நேரம், வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஈரம் காயாத வட்டத்தின் முன்னால் நின்றார்.

"இதென்ன?"

அவர் என்னைக் கந்தோரில் பார்த்திருக்கிறார். என்னிடம் கோவை கேட்டு வந்திருக்கிறார். நான் டயறியை விரித்தேன். மச்சான் முன்னால் வந்தார்.

"அது என்ட பிழை சேர். முதல்ல இடத்த மாறிச் சொல்லிட்டன்."

"இத்தின வருசம் வயரிங் செய்ற ஆள், போஸ்ட் எங்க நிக்கிதெண்டு பாக்கல்லியா?"

"பாக்கல்ல சேர்."

தொழிலால் மட்டும் பெயர் எடுத்த மனிதருக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். உத்தியோகத்தர் சம்மதம் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். நான் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை டயறியில், "மேல்பக்கம் என்ற சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டவன் நான். மேசன் கேட்கச் சொன்னார், கேட்கவில்லை. மச்சான் தன் பிழை என்றார். அது உண்மையல்ல" என்று எழுதி, அந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். ஆறுதலாக வாசித்தார். "பிழையக் கூட என்ன வடிவான எழுத்தில எழுதியிரிக்கீங்க" என்று திருப்பித் தந்தார்.

நிக்காஹ்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூன்று பேர் வந்து கம்பத்தில் ஏறி வயரை இழுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் குனியட்டும் தம்பி" என்று கீழே நின்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார். மெயின் சுவிட்சை மேலே தள்ளும் உரிமையை மனைவிக்குக் கொடுத்தோம். நடு அறையில் மின்விசிறி முதலில் தயங்கி, பிறகு சுற்றியது. அவள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அடுத்த மூச்சில், "அந்தப் பூவு இப்பதான் வடிவு" என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த நாளில், சப்பாத்தைக் கழற்றுவதற்காக வாசலில் குனிந்தார். மச்சான் என் விலாவில் முழங்கையால் இடித்தார்.

சில மாதங்களில் மச்சான் கட்டாருக்குப் போனார். அங்கே ஓர் உயரமான கட்டடத்தின் வயரிங்கைப் பராமரிக்கிறார். வட்சப்பில் வந்தால் முதல் கேள்வி சலாமுக்குப் பிறகு இதுதான்: "மேல்பக்கம் எப்பிடி இரிக்கி?" ஒவ்வொரு வருடமும் மாரி மழை தொடங்கும்போது நான் மகளின் வாசலில் நின்று அந்தத் தொங்கலைப் பார்க்கிறேன். கம்பத்திலிருந்து வயர் வழியே ஓடி வரும் நீர் அங்கே வந்து திரண்டு, நின்று, சொட்டும். இதுவரை ஒரு துளிகூட உள்ளே போனதில்லை.

இனி ஏணிக்கு வருகிறேன். மருமகன் கூரையில் சூரிய மின்தகடுகள் வைக்க ஏற்பாடு செய்திருந்தார். கடல் பக்கச் சரிவில் பக்கத்து வளவுத் தென்னையின் நிழல் விழுவதால், வயல் பக்கச் சரிவில் பொருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலை வேலையாட்கள் மேற்குச் சுவரில் ஏணியைச் சாத்தி, டிரில் மெஷினைக் கையில் எடுத்து, "வயர உள்ள எடுக்க எவடத்த துளைக்கிற?" என்று கேட்டார்கள்.

"துளைக்க வேணா" என்றேன். நிலத்திலிருந்து ஒன்பது அடி, தெற்கு மூலையிலிருந்து நான்கு அடி. நான் அளந்து காட்டிய இடத்தில் உளியால் இரண்டு தட்டு. சீமெந்து மூடி உதிர்ந்தது. உள்ளே பைப் அப்படியே இருந்தது. "இத ஆரு முன்கூட்டியே வெச்ச?" என்று கேட்டார்கள். நான் உள்ளே போய் உள்பக்கத்து அடைப்பையும் தட்டி எடுத்தேன். வயரைச் செலுத்தும்போது, "கொஞ்சம் குனிஞ்சி வரட்டும்" என்றேன்.

பிறகு கட்டாருக்கு எடுத்தேன்.

"மச்சான், கரண்ட் வயல் பக்கத்தால வருகுது."

நான் கமராவைத் திருப்பிச் சுவரைக் காட்டினேன், கூரையைக் காட்டினேன், கூரைக்கு மேலே வெயிலைக் காட்டினேன்.

"வானத்தில இரிந்துமா?" என்றார்.

"ஓம். நீங்க சொன்ன மேல்பக்கத்தாலயும் வருகுது, நான் எழுதின மேல்பக்கத்தாலயும் வருகுது."

அவர் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எழுதிட்டீங்களா?"

இப்போதுதான் எழுதி முடித்தேன்.