மூணாற்றுக் கம்பளிக் குல்லா

என் சம்மந்தி நாறும்பூநாதனைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். பங்குனி வெயிலில் தென்காசி கடைவீதியில் கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு ஒரு ஆள் நின்றால் அது அவர்தான். லாரி டிரைவர். சின்ன வயதில் கிளீனராக ஏறினவர், இன்றைக்கும் லாரியை விட்டு இறங்கவில்லை. நெல்லும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு புளியறை வழியாக மலையேறுவார். புனலூர், சில வாரம் மூணாறு வரைக்கும். திரும்பும்போது மரமோ தேயிலையோ வரும்.

ஆள் நல்ல உயரம். ஒரு கையால் ஸ்டெப்னி டயரைத் தூக்கி வைப்பார். ஆனால் சாரல் காற்று என்றால் மட்டும் நடுங்குவார். எனக்குக் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய், சீயக்காய்க் கடை. மதராஸிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறவர்கள் எல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடுவார்கள். இவர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு, அருவிப் பக்கம் திரும்பாமலே போய்விடுவார்.

"இத்தனை வருசத்துல ஒருநாள் தலையைக் காட்டியிருக்கீரா வே?" என்று கேட்பேன்.

"தலை எனக்கு இன்னும் தேவைப்படுது சம்மந்தி" என்பார்.

என் மகள் செண்பகவல்லியை அவருடைய மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வடக்கே பட்டாளத்தில் இருக்கிறார். சம்மந்தியின் பெண்சாதி காலமாகிவிட்டாள். அதனால் தலைப்பிரசவத்துக்கு மகள் இலஞ்சிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் லாரி போகும்போதும் வரும்போதும் எங்கள் வாசலில் நின்றுதான் போகும். இந்த அறுபத்து மூன்றாம் வருசம் வைகாசியில் பேரன் பிறந்தான். என் முதல் பேரன். அவருக்கும் முதல் பேரன். அவனுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்புப் பையன்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

தொட்டில் போட்ட அன்று சம்மந்தி ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே கம்பளியில் முழுக்கைச் சட்டை, கால் முழுக்க மூடுகிற உறை, தாடைக்குக் கீழே நாடா கட்டுகிற ஒரு சிவப்புக் குல்லா. போதாததற்கு ஒரு தடித்த போர்வை.

"இது பேரனுக்கா, கரடிக்குட்டிக்கா?" என்றேன்.

"சிரியும், சிரியும். மூணாத்துல எஸ்டேட்டுப் புள்ளைக அம்புட்டும் இதைத்தான் போட்டிருக்கு. ஒவ்வொண்ணும் கன்னம் தக்காளிப்பழமா இருக்கு."

"அது மூணாறு வே. இது இலஞ்சி."

"சாரக் காத்துக்கு அது தெரியுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்மந்தி, என் மூத்த மகளைப் பத்தி உமக்குச் சொன்னதில்ல" என்றார்.

மாப்பிள்ளைக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் பிறந்திருக்கிறது. கைக்குழந்தையாக இருக்கும்போது, இதே மாதிரி ஆனிச் சாரலில், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இவர் மலையில் மண் சரிந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். பாதை திறந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்ததாம்.

"வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. புள்ளை தூங்குதுன்னு நெனச்சு, எழுப்பிறக் கூடாதேன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு உள்ள போனேன். தொட்டில் வெறுசாத் தொங்குது." பொட்டலத்துச் சட்டையை எடுத்து மறுபடி மடித்தார். "குளிரு பட்டிருச்சுன்னாங்க. நான் இருந்திருந்தா பட விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

இதைக் கேட்ட பிறகு கம்பளி வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யார் சொல்ல முடியும்? அன்று பொழுது சாய்ந்ததும் பேரனுக்குச் சட்டை, உறை, குல்லா, மேலே போர்வை எல்லாம் போட்டுத் தொட்டிலில் விட்டோம். மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிந்தன.

அதிலிருந்துதான் அழுகை.

பகலில் சமர்த்தாக இருப்பான். விளக்கு வைத்துத் துணி மாற்றித் தொட்டிலில் விட்டால் கொஞ்ச நேரத்தில் ஆரம்பிப்பான். முகம் செக்கச்செவேல் என்றாகிவிடும். தூக்கினால் அடங்கும், போட்டால் அழும். பால் குடிப்பதும் குறைந்தது. கழுத்து மடிப்பில் பொடிப்பொடியாகச் சிவந்து தடித்தது. என் பெண்சாதி சொக்கம்மாள் சுற்றிப் போட்டாள். ஓமத்தண்ணீர் கொடுத்தாள். முருகன் கோவில் திருநீறு பூசினாள். நான் வாசற்கதவிலிருந்து அடுப்படி வரை அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, பிடரி எல்லாம் நனைஞ்சு கெடக்கு" என்றாள் செண்பகவல்லி ஒருநாள்.

"பால் வழிஞ்சிருக்கும்ட்டி."

"பாலு எப்படிம்மா பிடரிக்குப் போகும்? வேர்த்திருக்கு."

"வேர்க்குற புள்ளைக்குக் கை ஏன் இப்படி இருக்கு? தொட்டுப் பாரு, அருவித் தண்ணி மாதிரி சில்லுன்னு இருக்கு" என்று சொக்கம்மாள் சொன்னாள். கை சில்லென்றுதான் இருந்தது. ஆகவே அந்தக் கைக்கும் ஒரு துணி சுற்றினோம்.

இன்னொரு நாள் குல்லா கீழே இறங்கி மூக்கை மூடிவிட்டது. நாடா கழுத்தை இறுக்கிக்கொண்டு கிடந்தது. மகள் விழித்துக்கொண்டு இருந்ததால் பார்த்தாள். அன்றையிலிருந்து அவளும் தூங்கவில்லை. தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து கொண்டாள். பிள்ளை பெற்ற உடம்பு, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிற்று.

சம்மந்தி மறுபடி மூணாற்று லோடு ஏற்றிக்கொண்டு போகிற வழியில் வந்தார். பேரனுடைய சிவந்த முகத்தைப் பார்த்தார். மப்ளரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

"மழை கூடிருச்சு. குளிரு உள்ள எறங்கிட்டு போல. போர்வையை ரெண்டா மடிச்சுப் போடுங்க தங்கச்சி" என்று சொக்கம்மாளிடம் சொன்னார். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நான் லோடை எறக்கிட்டு நேரா இங்கதான் வருவேன். அதுக்குள்ள குணமாகலன்னா தென்காசி டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போயிருவோம். மகன் பட்டாளத்துல இருக்கான். பொறுப்பு என் தலையில."

"எனக்கும் பேரன்தான் வே" என்றேன்.

"அதான் உம்மகிட்டச் சொல்லுதேன். பாத்துக்கிடும்" என்றார். லாரியில் ஏறும்போது அவருக்குக் கால் வழுக்கியது. அப்படி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அவர் போனதும் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் அந்தச் சமயத்தில் துணி காயாது. கொடியில் போட்டால் மறுநாள் இன்னும் கொஞ்சம் ஈரமாகத்தான் எடுக்கலாம். அதனால் நெருப்புச் சட்டியில் கங்கு போட்டு, மேலே பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் குழந்தைத் துணியை விரித்து உலர்த்துவோம். மெல்லிய துணி என்றால் சீக்கிரம் உலரும். கம்பளி உலருமா? பேரன் நனைத்த போர்வையும் சட்டையும் குல்லாவும் தண்ணீர் குடித்துத் தடித்துக் கிடந்தன. வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாடை. அன்று பார்த்துத் தொட்டில் சேலையையும் நனைத்துவிட்டான்.

சொக்கம்மாள் பொறுமை இழந்து கங்கு நிறையப் போட்டு, கம்பளிச் சட்டையைக் கூடை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மயிர் கருகுகிற நாற்றம். ஓடிப் பார்த்தால் சட்டையின் ஒரு கை முழுக்கக் கருகிப் பொறுக்காகிவிட்டது.

"போச்சு. அண்ணாச்சி வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. உலர்ந்த கம்பளி ஒன்றும் இல்லை. தொட்டிலும் இல்லை, உத்தரத்தில் கயிறு மட்டும் தொங்கியது. பிள்ளைக்கு என்ன போடுவது?

செண்பகவல்லி எழுந்து பெட்டியைத் திறந்தாள். என்னுடைய பழைய வேட்டி, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனது, அதில் அவள் முன்னமே தைத்து வைத்திருந்த ஒரு சட்டையை எடுத்தாள். முன்பக்கம் திறந்து, பக்கவாட்டில் ஒரு முடிச்சுப் போடுகிற சட்டை.

"இது மட்டுமாட்டி?" என்றாள் சொக்கம்மாள்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி நான் சொல்லுதபடி இருக்கட்டும்மா. நான்தான் முழிச்சுப் பாக்கப் போறேன்."

அவள் குரலில் இருந்த களைப்பைக் கேட்டுச் சொக்கம்மாள் பிள்ளையை அவள் மடியில் கொடுத்தாள். சட்டையைப் போட்டாள். இடுப்புத் துணியை ஊக்கு குத்தாமல், இரண்டு விரல் உள்ளே போகிற மாதிரி தளர்வாகச் சுற்றினாள். தலைக்கு ஒன்றும் இல்லை. காற்று நேரே வருகிற பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தினாள். பாயில் ஒரு துணியை இரண்டாக மடித்துச் சுருக்கம் இல்லாமல் விரித்து, தலையணை வைக்காமல், பிள்ளையை மல்லாக்கப் போட்டாள். மேலே ஒரு மெல்லிய துணியை நெஞ்சு வரை போர்த்தி, இரண்டு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டாள்.

அவன் கையைக் காலை ஆட்டினான். இத்தனை நாளாக ஆட்ட முடியாமல் இருந்ததை அப்போதுதான் நினைத்தேன். பிறகு ஒரு கொட்டாவி விட்டான். தூங்கிவிட்டான்.

நடுவில் பாலுக்கு எழுந்தான், குடித்தான், மறுபடி தூங்கினான். தூங்காதவர்கள் நானும் சொக்கம்மாளும்தான். அழுதாலும் பயம், அழாவிட்டாலும் பயம். மாற்றி மாற்றிப் போய் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தோம். மகள், "போய்ப் படுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவன் பிடரியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு அவளும் கண்ணயர்ந்தாள்.

விடிந்து வெளிச்சம் வருகிற நேரம், நான் பல் விளக்கப் பின்வாசல் வழியாக வெளியே வந்து முன்பக்கம் போனேன். லாரி நிற்கிறது. வந்த சத்தம் சாரலில் கேட்கவில்லை. வாசற்கதவைத் திறந்துவிட்டு, சம்மந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காலில் செருப்பு கிடக்கிறது. உள்ளே போகவில்லை. அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். உத்தரத்தில் வெறும் கயிறு.

கையிலிருந்த வேப்பங்குச்சியைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போனேன்.

"சம்மந்தி" என்றார். குரல் அவருடையதாக இல்லை. "சத்தமே இல்ல."

"தூங்குதான் வே."

"தொட்டிலைக் காணல."

"சேலை நனைஞ்சிட்டுன்னு அவுத்துப் போட்டிருக்கு. புள்ளை கீழ பாயில கெடக்கான். அந்தா, உம்ம மருமகளுக்குப் பக்கத்துல. வாரும்."

அவர் வரவில்லை. நான் தோளைப் பிடித்துத்தான் கூட்டிப்போனேன். பேரன் இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துக்கொண்டு படுத்திருந்தான். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சம்மந்தி அதையே பார்த்தார். பிறகுதான் குல்லா இல்லாத தலையும் மெல்லிய சட்டையும் அவர் கண்ணில் பட்டது போல. பதறி மப்ளரை உருவிப் போர்த்தக் குனிந்தார்.

செண்பகவல்லி விழித்துக்கொண்டு அவர் கைக்குக் குறுக்கே கையை வைத்தாள்.

"மாமா, மொதல்ல பிடரியைத் தொட்டுப் பாருங்க."

அவர் கையைப் பனியனில் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஒரு விரலைக் கழுத்துக்குப் பின்னால் வைத்தார்.

"ஈரம் இல்ல, காஞ்சிருக்கு" என்றார்.

"சில்லுன்னு இருக்கா?"

"இல்ல. கதகதன்னு இருக்கு." கையைத் தொட்டார். "ஆனா கை குளிருதே தாயி?"

"அது எப்பவும் அப்படித்தான் இருக்கு மாமா. நேத்து வரைக்கும் பிடரி நனைஞ்சு கெடந்துச்சு. நீங்க போர்த்தச் சொன்ன அன்னைக்குத்தான் ரொம்ப அழுதான். குளிருல்ல, வேக்காடு. கழுத்தைப் பாருங்க, தடிப்பு அமந்திருக்கு."

சம்மந்தி தரையில் உட்கார்ந்தார். செருப்பு இன்னும் காலில் இருந்தது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தோள் குலுங்க இருந்தார். சொக்கம்மாள் சாயா கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குள் பேரன் நெளிந்தான். துணி நனைந்திருக்கிறதா என்று பார்க்க மகள் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். அவ்வளவுதான், அவன் நேரே தாத்தாவின் முகத்துக்கும் மப்ளருக்கும் சேர்த்துப் பெய்துவிட்டான்.

"குத்தாலத்துல தலையைக் காட்ட மாட்டேன்னீரே வே" என்றேன். "வீடு தேடி அருவி வந்துட்டு, பாத்தீரா?"

அவர் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். முகத்தைத் துடைக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சி, "என்ன தங்கச்சி, மயிரு கருகுன வாடை அடிக்கு?" என்றார்.

சொக்கம்மாள் கருகின சட்டையை எடுத்துக்கொண்டு வந்து தலையைக் குனிந்துகொண்டு காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்ல. மூணாத்துல இன்னொண்ணு வாங்கிட்டு வாரேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. அதையும் சுடணும்" என்றாள் அவள்.

அன்றைக்கே தென்காசி டாக்டரிடம் காட்டினோம். லாரியில்தான் போனோம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லை, இந்தக் காற்றுக்கு மெல்லிய துணி இரண்டடுக்குப் போதும், முகத்தை மூடாதீர்கள் என்றார். சம்மந்தி அதை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும், "நம்ம மருமக சொன்னதைத்தான் சொல்லுதாரு" என்று எனக்குப் புதிதாகச் சொல்வது போலச் சொன்னார்.

இப்போது சாரல் நின்றுவிட்டது. பேரன் ராத்திரி முழுக்கத் தூங்குகிறான், செண்பகவல்லியும் தூங்குகிறாள். சம்மந்தியின் லாரி எங்கள் தெரு முக்கில் திரும்பும்போது ஹாரன் அடிப்பதில்லை. சத்தம் இல்லாத வீட்டுக்குள் செருப்பை வெளியே விட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வந்து, பேரனின் பிடரியில் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களை எழுப்புகிறார்.

அந்தச் சிவப்புக் குல்லா என்ன ஆயிற்று என்று போன வாரம் லாரியில் ஏறினபோதுதான் பார்த்தேன். கியர் கம்பியின் தலையில் மாட்டி, நாடாவையும் கீழே முடிந்து வைத்திருக்கிறார்.

"இது என்ன வே?" என்றேன்.

"மலை ஏறும்போது இதுக்குத்தான் குளிருது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.